மாமனார் கேமராவுக்கு ஒரு பரிசோதனை

சாம்: மூச்சு வுடாத ஜெனி... டார்ச் ஆடுது.

ஜெனிஃபர்: மூச்சு வுடாம நிக்கிறதுக்கா கட்டிகின என்ன? எங்க நைனா கேமராவ செருப்பு டப்பாவுல சொருகி இன்னாதான் பண்ற?

சாம்: ஷட்டரோட வேகத்த அளக்கறேன். முன்னாடி டார்ச்சு. பின்னாடி மூடிய தொறந்து, உன் பழைய கால்குலேட்டரோட சோலார் தகடு. ஷட்டர் தொறந்தா தகட்டுல வெளிச்சம் விழும், லேப்டாப்புல ஒரு கோடு எழும்பும். மூடுனா இன்னொரு கோடு. நடுவுல கீற எடவெளிதான் அது தொறந்திருந்த நேரம்...

ஜெனிஃபர்: ஆபீஸ் லேப்டாப்பு அது. புகஞ்சா சிறுசேரிக்கு நீதான் வந்து பதில் சொல்லணும்.

சாம்: மாமாவுக்கு யாரு பதில் சொல்றது? மாமல்லபுரத்துல நாம எடுத்த படம் பூரா வெள்ளையா கீது. கோயிலையே காணோம்.

ஜெனிஃபர்: எங்கம்மா கல்யாண ஃபோட்டோ மாதிரி. அதுலயும் அம்மா மூஞ்சியே தெரியாது.

சாம்: அது வெள்ளப் பொடவையால வந்ததுன்னு மாமாவே சொல்லுவாரே.

ஜெனிஃபர்: சொல்லுவாரா? வருசக்கணக்கா குத்திக் காட்டிகினு கீறாரு. சீக்கிரம் அமுக்கு. அக்கா புள்ள ஞானஸ்நானத்துக்குக் கேமரா வேணும்னு நைனாவும் அம்மாவும் செங்கல்பட்டுல எறங்கிட்டாங்களாம்.

சாம்: இந்தா... அமுக்கிட்டேன்.

ஜெனிஃபர்: இன்னாது, ரெண்டு கோடுன்ன? சீப்பு மாதிரி கீது.

சாம்: ட்யூப்லைட்ட அணை. அது துடிக்கறதும் தகட்டுல விழுது... ஆங். இப்ப பாரு. ரெண்டே கோடு.

ஜெனிஃபர்: எவ்ளோ?

சாம்: இரு, இன்னொரு வாட்டி அமுக்கிப் பாக்கறேன்.

ஜெனிஃபர்: வாயத் தொற.

சாம்: செகண்டுல நூத்தி இருபத்தஞ்சுல ஒரு பங்கு வெச்சேன். முப்பதுல ஒரு பங்கு காட்டுது. நாலு மடங்கு நேரம் தொறந்தே கெடக்குது. அதான் படம் வெளுத்துப்போச்சி... ஜெனி, அன்னிக்கி அலைகிட்ட குனிஞ்சனா... கேமரா கைநழுவி மணல்ல வுயுந்துட்ச்சி.

ஜெனிஃபர்: ஏன் சொல்லல?

சாம்: பயம்.

ஜெனிஃபர்: சரி... திட்ட மாட்டேன். அதுக்கு முன்னாடி பொத்தேரி வேகத்தடைல, ஸ்கூட்டர்லேர்ந்து நானும் ஒரு வாட்டி...

சாம்: அடிப்பாவி. நான்தான் கெடுத்தேன்னு ராவெல்லாம் தூங்காம கெடந்தேனே...

தேவசகாயம்: இன்னா, வூட்டுக்கு வெளக்கில்லையா? இருட்டுல எதுக்கு என் கேமராவ டப்பாவுல பொதச்சிகினு கீறீங்க?

ஜெனிஃபர்: நைனா... திட்டாத. கேமராவ கெடுத்துட்டோம். ரெண்டு பேருந்தான்.

சாம்: நூத்தி இருபத்தஞ்சு வெச்சா முப்பதுதான் வருது மாமா. கடைல குடுத்து சரி பண்ணிடறேன்.

தேவசகாயம்: முப்பதா? அப்ப ஒண்ணும் ஆவல மாப்ள. அப்டியேதான் கீது.

சாம்: அப்டியேன்னா?

தேவசகாயம்: வாங்குனப்பவே அப்டித்தான். ஐந்நூறுல வெச்சாத்தான் அதுக்கு நூத்தி இருபத்தஞ்சு. உங்ககிட்ட சொல்லலியா நானு?

ஜெனிஃபர்: சொல்லல. இரு நைனா... உங்க கல்யாண ஃபோட்டோ எந்தக் கேமராவுல எடுத்தது?

தேவசகாயம்: அந்த ட்யூப்லைட்ட போடு மாப்ள.

ஜெனிஃபர்: நைனா.

தேவசகாயம்: இதுலதான்... மெதுவா பேசு, உங்கம்மா படியேறி வந்துகினு கீறா... மாப்ள, மொதல்ல அந்த மிஷின பிரிச்சிப் போடு.