எரியுதுன்னு சொன்னது யார்?

மாலை ஐந்தரை மணிதான். ஆனால் டிசம்பர் மாதத்து நியூஃபவுண்ட்லாந்தில் ஐந்தரை என்றால் கும்மிருட்டு. கடலோரத்து ஊரிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வழி... உங்களுக்குத் தெரியாததா? ஒரு மரம் கிடையாது. ஒரு வீடு கிடையாது. பாறை, பாசி, உறைந்துபோன குளம். அந்தப் பொட்டலில் அன்றைக்கு ஒரே ஒரு பழைய வேன் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் அம்ப்ரோஸ் பார்டி. அதோ, அடுப்போரமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே டெர்மட், அவனுடைய சித்தப்பா. சந்தேகம் இருந்தால் அவனையே கேளுங்கள்... பார்த்தீர்களா, சிரிப்பு நின்றுவிட்டது.

அம்ப்ரோஸ் போனது பேரனைக் கூட்டிவர. மகள் லொரெட்டா தலைப்பிள்ளையோடு முதல் தடவை தாய் வீட்டுக்கு வருகிறாள். பஸ் அவளைப் பெரிய சாலைச் சந்திப்பில் இறக்கிவிட்டுப் போய்விடும். பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. அதைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கடைக்காரப் பையன் வின்ஸ் சத்தம் போட்டிருந்தான்.

"என்ன மாமா, பிரேக் அடிச்சா பின்னாடி ஒரு விளக்கும் எரியல? அத்தையோட சண்டைன்னா பேசித் தீத்துக்குங்க, இப்படியா சாவறது?"

சிரிக்கிற விஷயமில்லை அது. அந்தச் சாலையில் மூஸ் மான் திடுமென்று குறுக்கே வந்து நிற்கும், குதிரையை விடப் பெரிய உருப்படி. நீங்கள் பிரேக் போடுவீர்கள். பின்னால் வருகிற மீன் லாரிக்காரனுக்கு அது தெரிய வேண்டுமே? சிவப்பு எரியாவிட்டால் நேரே உங்கள் மேல் ஏறித்தான் நிற்பான். அம்ப்ரோஸ் அந்தக் கடையிலேயே ஃபியூஸைப் பார்த்தார், சரியாக இருந்தது. பல்புகளை மாற்றினார், பலனில்லை. பஸ் வரும் நேரம் ஆகிவிட்டதே என்று கிளம்பிவிட்டார்.

பாதி வழியில் பொறி தட்டியது. பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, பெடலை அமுக்கினால் விளக்குக்குக் கரண்ட் விடுவது அதுதான். அதைப் பார்க்கவே இல்லையே! பழைய ஜல்லிக்குழி ஓரமாக வண்டியை நிறுத்தினார். கதவைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டார். ஒரு கை பெடலில், ஒரு கை சுவிட்ச்சில். அளவாக ஒரு கட்டை இருந்திருந்தால் பெடலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தானே பின்னால் போய்ப் பார்த்திருப்பார். கட்டை இல்லை. பின்கண்ணாடி முழுக்க உப்புச் சேறு வேறு.

அப்போது ஜல்லியில் காலடிச் சத்தம் கேட்டது. சரக்... சரக்... வண்டியின் பின்பக்கமாகப் போய் நின்றது.

நம் ஊர்க்காரர்கள் புத்தி தெரியுமே. வழியில் ஒருத்தன் வண்டியைத் திறந்து வைத்திருந்தால் நாலு பேர் கேட்காமலே வந்து கை கொடுப்பார்கள். யார், எவர் என்று விசாரிக்கிற பழக்கமே இல்லை. அம்ப்ரோஸும் விசாரிக்கவில்லை. தலையை வெளியே எடுக்காமலே குரல் கொடுத்தார்.

"இப்ப?"

"இல்ல." ஆண் குரல். தொண்டை கட்டியது போல.

வயரை அசைத்தார். "இப்ப?"

"இல்ல."

சுவிட்ச்சை இழுத்து இறுக்கினார். "இப்ப?"

காற்று மட்டும். பிறகு...

"எரியுது."

"ரொம்ப நன்றிப்பா! ஏறிக்கோ, சந்திப்பு வரைக்கும் கொண்டுவிடறேன்" என்றபடி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பின்னால் போய்ப் பார்த்தார். ஆளில்லை. டார்ச்சை அடித்தார். நனைந்த கம்பளி வாடை, மண்ணெண்ணெய் வாடை. தரையில் புதுப் பனி மாவு சலித்தது போலக் கிடந்தது. அதில் அவருடைய தடம் மட்டும்தான் இருந்தது.

பொட்டலைத் தாண்டிப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு ரொட்டித் துண்டு வைத்துக்கொள்வார்கள், கண்ணுக்குத் தெரியாத கூட்டம் கிட்டே வராது என்று. அம்ப்ரோஸும் வைத்திருந்தார். வின்ஸ் கடையில் பசி தாங்காமல் தின்றுவிட்டார். இப்போது பாக்கெட்டுக்குள் கையை விட்டால் பொடிதான் ஒட்டியது. மனிதர் பயந்துவிட்டார். வண்டியை எடுத்தவர் சந்திப்பு வரும்வரை பிரேக்கில் காலே வைக்கவில்லை.

லொரெட்டா நிழற்குடையில் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பேரனைப் பார்த்ததும் கிழவருக்கு உயிர் வந்தது. பெயர் லியோ. மூக்கு அப்படியே பார்டி மூக்கு.

"வின்ஸ் சொன்னான்னு அம்மா ஃபோன் பண்ணாங்கப்பா. பிரேக் லைட்டு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு... எதுக்கும் நீ பின்னாடி நின்னு ஒரு தடவை பாத்துச் சொல்லு கண்ணு."

ஏறி உட்கார்ந்து பெடலை அமுக்கினார். "இப்ப?"

"எரியுதுப்பா."

மகள் குரல். அப்பாடா என்று இருந்தது. சற்று நேரத்தில் அவள் வந்து முன்சீட்டில் ஏறினாள். நடுவில் குழந்தைக் கூடையை வைத்து வார் போட்டார்கள். கிளம்பினார்கள்.

பனி தூறத் தொடங்கியது. ஜல்லிக்குழியை நெருங்கும்போது பக்கக் கண்ணாடியில் இரண்டு விளக்கு தெரிந்தது. பெரிய லாரி. வேகமாக வந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

"என்ன இவன், இடுப்புல ஏறி உக்காருவான் போல" என்றாள் லொரெட்டா.

"பரவால்ல. அதான் நீயே பாத்தியே, லைட்டு எரியுது."

"நான் எங்கப்பா பாத்தேன்?"

அம்ப்ரோஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னீங்க, அதுக்குள்ள இவன் நனைச்சுட்டான். நிழற்குடைக்குள்ள போய்த் துணிய மாத்திட்டு நேரா வந்து ஏறிட்டேன். நீங்களே பாத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு வாயைத் திறக்கக்கூட நேரமில்லை. முன்னால், விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில், நீளமான நாலு கால்... மூஸ் மான். சாலைக்கு நட்டநடுவில். கால் தானாகவே பிரேக்குக்குப் போனது.

அப்போது பின்சீட்டிலிருந்து லொரெட்டாவின் குரல் கேட்டது. மெதுவாக, செல்லமாக.

"இப்ப அமுக்குங்கப்பா."

லொரெட்டா அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்திருந்தாள்.

அம்ப்ரோஸ் அமுக்கவில்லை. கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, வேனை அப்படியே ஓரத்துப் பனிமேட்டில் விட்டார். பொதக்கென்று உள்வாங்கி நின்றது. பக்கத்தில் லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு கடந்தது. மான் ஒரே தாவலில் இருட்டில் மறைந்தது. பிள்ளை வீரிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு ஆம்பிளை அழுதார், சொல்வதில் என்ன வெட்கம்?

லாரி கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. சிரில் என்ற டிரைவர் ஓடிவந்தான். டயரைத் தட்டிப் பார்க்கிற உருட்டுக்கட்டை கையிலேயே இருந்தது.

"யாருக்கும் அடி இல்லியே? நல்லவேளை அண்ணே, ஒதுங்குனீங்க. நடுரோட்டுல பிரேக் போட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சிவப்பும் இல்லியே பின்னாடி!"

"முதல்ல பொண்ணையும் புள்ளையையும் உன் வண்டில ஏத்துப்பா" என்றார் அம்ப்ரோஸ். அவர்கள் ஏறிக் கதவைச் சாத்தும்வரை கண்ணை எடுக்கவில்லை.

சிரில் திரும்பி வந்தான். "நீங்க பெடல அமுக்குங்க. நான் பின்னாடி நின்னு சொல்றேன்."

"வேண்டாம்! யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் கட்டையக் குடு."

கட்டையைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தார். தானே நடந்துபோய்ப் பின்னால் நின்றார். விளக்குகள் மேலிருந்த உப்புச் சேற்றைக் கையால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வலது பக்கம் இருட்டு. இடது பக்கம் இருட்டு. அவருடைய சொந்தக் கண். அந்த வாடை மட்டும் மூக்கைத் துளைத்தது.

கட்டையை உருவிக்கொண்டார். சாவியை எடுத்தார். நாலு கதவையும் பூட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். "வண்டி கெடக்கட்டும்பா. காலையில வந்து பாத்துக்கலாம்."

லாரிக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. மீன் நாற்றம் அன்றைக்கு அவருக்குச் சந்தனமாக மணத்தது. லியோ பாலுக்கு வாயைச் சப்பினான். லொரெட்டா அவன் நெற்றியில் முத்தம் வைத்துக்கொண்டே இருந்தாள். கட்டை அம்ப்ரோஸின் மடியில் கிடந்தது. சாவி முஷ்டிக்குள் அழுந்தியது. லாரி மெல்ல நகர்ந்தது.

சிரில் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

"அண்ணே... உங்க வண்டி பிரேக் லைட்டு எரியுதே."

அம்ப்ரோஸ் தன் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். வேன் பனிமேட்டில் சாய்ந்து கிடந்தது. பின்னால் இரண்டு சிவப்பு. பளிச்சென்று. அணைந்தது... எரிந்தது... அணைந்தது... பூட்டிய வண்டிக்குள் யாரோ நிதானமாகப் பெடலை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாக்காத" என்றார். "ஓட்டு."