ஆணியில் மாட்டிய ரொட்டி

இந்தக் காலத்துப் பயல்கள் பெரியவர்களைக் கண்டால் குதிரையைவிட்டு இறங்குவதில்லை. சேணத்தில் உட்கார்ந்தபடியே ஒரு சலாம், அதோடு சரி. கோகந்தில் கான் ஆண்ட வரைக்கும் என்னைக் கண்டு இறங்காதவன் கிடையாது. இப்போது கானும் இல்லை, படையும் இல்லை. சந்தையில் என்னை இடித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். எனக்காக யாரும் இறங்க வேண்டியதில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் லாடம் அடிக்கிறவனின் மகன். கானின் லாயத்தில் சாணி அள்ளினேன். பிறகு அவர் குதிரைக்குச் சேணம் போட்டேன், அவருக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்றேன், கடைசியில் ஆயிரம் பேருக்குத் தலைவனாகி பெக் என்ற பட்டமும் பெற்றேன். எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் நான் எப்போது சறுக்குவேன் என்று காத்திருந்தார்கள். அதனால் யாரையும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம், குளிர் தொடங்கும் நேரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கோட்டையைப் பனிக்கு முன்பே பிடித்துத் தருகிறேன் என்று கானிடம் சபையில் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

எங்கள் ஊரில் போருக்குப் போகிறவன் புது ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை வீட்டுக்காரி ஆணியில் மாட்டி வைப்பாள். அவன் திரும்பி வந்துதான் அதைத் தின்று முடிக்க வேண்டும். அந்த வாரம் முந்நூறு வீடுகளில் ரொட்டி மாட்டினார்கள்.

அந்த முந்நூறு பேரில் தாஷ்புலாத் ஒருவன். என்னோடு லாயத்தில் சாணி அள்ளியவன். கணவாயின் அடியில் என் கூடாரத்துக்கு வந்தான்.

"நூர்மத், மேலே பாத்தியா? மலை முக்காடு போட்டுக்கிச்சு. வசந்தம் வரட்டுமேப்பா."

"கான்கிட்ட சொல்லியாச்சு."

"கானா பனியில நடக்கப்போறாரு? சரி, நீயாவது கூட வர்றியா?"

"எனக்குக் காய்ச்சல்."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "ஆமா ஆமா, கொதிக்குது. இதுல ரொட்டியே சுடலாம்" என்று சிரித்துக்கொண்டே போனான். என் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

அவர்கள் ஏறினார்கள். பின்னாலேயே பனி கணவாயை மூடிவிட்டது. குளிர்காலம் முழுக்க ஒரு ஆளும் இறங்கி வரவில்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கோட்டை விழுந்தது, ஆட்கள் அங்கே காவல் இருக்கிறார்கள் என்று கானிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து, பொன்னிழை போட்ட அங்கியை என் தோளில் போட்டார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய், உங்கள் ஆள் நலம் என்றேன். பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அதிலும் ஒரு நல்லது இருந்தது என்றுதான் நினைத்தேன்.

பனி உருகியபோது நான்கு பேர் திரும்பி வந்தார்கள். சிர் ஆற்றுத் துறையில் அவர்களை முதலில் பார்த்தவன் நான்தான். நான்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தேன். குளிர் நான்கு பேரின் விரல்களையும் தின்றிருந்தது. சூடாக ஆட்டுச் சூப் வைக்கச் சொன்னேன். தாஷ்புலாத்துக்கு என் கையாலேயே ஊட்டினேன். இரண்டு வாய் விழுங்கிய பிறகு அவன் கேட்டான்.

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

அவன் வாயைத் துடைத்துவிட்டு, கம்பளி போர்த்தி, நால்வரையும் படகில் ஏற்றினேன். பனி உருகும் காலத்தில் அந்த ஆறு எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். படகுக்காரனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தேன். அவனுக்கு நீச்சல் தெரியும். விரல் இல்லாதவனால் கவிழ்ந்த படகின் விளிம்பைப் பிடிக்க முடியாது. கரையில் நின்று கடைசிவரை பார்த்தேன். பாதியில் திரும்பிப் போவது மரியாதை இல்லை என்று தோன்றியது.

அதற்குப் பிறகு பெருநாள் தவறாமல் தாஷ்புலாத்தின் மனைவி அனார்குல் வீட்டுக்கு இறைச்சி கொண்டுபோனேன். நுழைந்ததும் சுவரைப் பார்ப்பேன். கடித்த ரொட்டி அங்கேயே இருக்கும். காத்திருக்கிறாள், அந்த நம்பிக்கையாவது என்னால் கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன். கான் போன பிறகும் போனேன். வெட்கம் மட்டும் வருடா வருடம் கூடியது. சாவதற்கு முன் சொல்லிவிடலாம் என்று போன வாரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும், பெக்" என்றாள். "படகுக்காரன் அந்த வருசமே குடிச்சுட்டு உளறிட்டான். அன்னிக்கே ரொட்டியைப் பிச்சுக் குருவிக்குப் போட்டுட்டேன்."

"அப்போ நான் பாத்தது?"

"பெருநாளுக்கு முன்னாடி ஒண்ணு சுட்டு, நானே கடிச்சு, புகையில காட்டி மாட்டுவேன். நீங்க வந்ததும் சுவரைத்தானே பாப்பீங்க? வெறும் ஆணியா இருந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரியும். வீட்டுல ரெண்டு மகனுங்க இருந்தானுங்க. ஆறும் பக்கத்துலதான் ஓடுது."

"மத்த வீட்டுச் சுவர்லயும் ரொட்டி தொங்குதே?"

"எல்லாரும் சேர்ந்துதான் சுடுவோம். ஒரே அடுப்புல."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. 

ஆனால் பயம் என்று அவள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நாளும் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. ஒரு பெருநாளும் வெறுங்கையோடு போனதில்லை. நொடித்துப்போனவனிடம் யாரும் எதையும் சொல்லலாம்.

அவள் தேநீர் ஊற்றினாள். எங்கள் பக்கம் கோப்பையைப் பாதிதான் நிரப்புவோம், இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன் என்பதற்காக. விளிம்புவரை ஊற்றினால் எழுந்து போ என்று பொருள். அனார்குல் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

அவளுக்கு வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரிந்திருக்காது. சுடச்சுடக் குடித்து முடித்தேன். கை நன்றாக இருக்கட்டும் தங்கச்சி என்று வழக்கம்போல் வாழ்த்திவிட்டு வெளியே வந்து நடந்தேன்.