உருண்டையின் தோல்

டீ ஆறிவிட்டது, பரவாயில்லை. சூடாகக் கொடுத்தாலும் நான் பாதிதான் குடிப்பேன். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது, நடந்துகொண்டே சொல்கிறேன்.

மணலைவிடச் சிறிய உலோக உருண்டைகள் அவை. உலோக உருக்காலைக்குப் பின்தெருவில், ஒரு மொட்டைமாடித் தூசியிலிருந்து காந்தத்தால் பொறுக்கியவை. வானத்திலிருந்து விழுந்த விண்கல் துகள்கள் என்று கட்டுரை எழுதி, பெயரும் வாங்கியிருந்தேன். நான் உருண்டையைப் பாதியாகத் தேய்த்து, நடுவில் அளப்பவன். ஆலைப் புகையில் வரும் நச்சு ஈயம் இல்லை என்றே வந்தது. என்னுடன் வேலை செய்த பெண் முழு உருண்டையையும் அமிலத்தில் கரைத்து அளப்பவள். அவளுக்கு ஈயம் பல மடங்கு வந்தது.

“நீங்க வயித்த மட்டும் பாக்குறீங்க சார். நான் தோலோட முழுங்குறேன்” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. உருண்டைகளைப் பொறுக்கியது அவள் வீட்டு மாடியில். “ஆலைப் புகைதான் மேல படிஞ்சிருக்கோ? பாப்பா நாள் முழுக்க அங்கதான் விளையாடுறா. வீட்ட மாத்திடட்டுமா?”

“அவசரப்படாதம்மா. உன் அமில பாட்டில்ல அழுக்கு இருக்கும்” என்றேன்.

இரண்டு அளவுகளையும் ஒத்துப்போகச் செய்வது என் பொறுப்பு. செய்தேன். உருண்டைகளை முதலில் நீர்த்த அமிலத்தில் கழுவிவிட்டுக் கரைக்கச் சொன்னேன். வழக்கமான முறைதான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எண்கள் ஒத்துப்போயின. கழுவிய நீரையும் அளந்து பார்க்கலாமா என்று கேட்டாள். “அழுக்க யாராவது அளப்பாங்களா?” என்று நானே வாங்கித் தொட்டியில் ஊற்றினேன். அவளுக்கு நிம்மதி. வீட்டை மாற்றவில்லை.

குழந்தைக்கு முதலில் வயிற்றுவலி. பிறகு, கற்றிருந்த சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிறகு வலிப்பு. அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் விடவில்லை.

இந்தச் சன்னலைத் திறக்க முடியாதா? சரி, இருக்கட்டும்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. கழுவினால் போவது அழுக்குதான் என்று மனதார நம்பினேன். என் அக்காவும் அதே தெருவில்தான் குடியிருந்தாள். நம்பாதவனாக இருந்தால் அவளிடமாவது சொல்லியிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்கள் ஒத்துப்போன அன்று மாலையே லாரி பிடித்து, அவளையும் கைக்குழந்தைப் பேரனையும் ஊரின் மறுகோடியில் குடிவைத்தேன், அவ்வளவுதான். அந்தப் பழைய வீட்டில் தண்ணீர் சரியில்லை.