இடுப்புக்குத் தெரியும்

உங்கள் வாசலில் நிற்கும் ஜீப்பின் இடது முன் டயரில் காற்று குறைவாக இருக்கிறது, மேடம். உள்ளே வரும்போதே கவனித்தேன். காவலர்கள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்ததால் குனிந்து தொட்டுப் பார்க்க முடியவில்லை. யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் எனக்கு மனசு கேட்காது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ‘ஏன் செய்தீர்கள்’ என்று சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள். நான் ஒரு கார் பத்திரிகையில் ஒப்பீடு எழுதுகிறவன். இரண்டு வண்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எது எங்கே உயர்ந்தது என்று நியாயமாகச் சொல்வதுதான் என் பிழைப்பு. எடுத்த எடுப்பில் தீர்ப்பைச் சொல்லிப் பழக்கம் இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்களுக்கே சுவாரசியமாக இருக்கும்.

வேகக் கார்கள்தான் என் துறை. அதிலும் நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சின் பலம் போகிற ஆல் வீல் டிரைவ் கார்கள் என்றால் எனக்கு உயிர். முகத்தைச் சுளிக்காதீர்கள், இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிடுவேன். ஒரு வகைக் காரில் நடுவில் வெறும் பற்சக்கரங்கள் இருக்கும். எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அங்கிருந்து பலத்தைப் பிடுங்கி, பிடிப்புள்ள பக்கத்துக்குக் கொடுத்துவிடும். யாரிடமும் அனுமதி கேட்காது. இன்னொரு வகையில் முன் சக்கரங்கள்தான் வேலை பார்க்கும். பின் சக்கரங்கள் சும்மா உருண்டுகொண்டு வரும். முன்னால் வழுக்கினால் கணினி உத்தரவு போடும், நடுவில் இருக்கும் கிளட்ச் தட்டுகள் இறுகும், அப்புறம்தான் பின்னால் பலம் போகும். கூப்பிட்ட பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருகிற சொந்தக்காரர் மாதிரி. மின்சாரக் கார்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே கிடையாது. அதையெல்லாம் நான் குடும்பமாகவே மதிப்பதில்லை.

பற்சக்கரத்துக்கும் கிளட்சுக்கும் உள்ள வித்தியாசம் கண் சிமிட்டும் நேரம்தான். அந்தக் கண் சிமிட்டலை வைத்துத்தான் நான் பேர் வாங்கினேன். ‘இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியாது, இடுப்புக்குத் தெரியும்’ என்று ஒரு கட்டுரையில் எழுதினேன். சீட்டில் உட்கார்ந்தால் எந்தச் சக்கரம் தள்ளுகிறது என்று என் இடுப்பு சொல்லிவிடும். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்கு ‘இடுப்பு சார்’ என்றே பெயர். காவலாளி முதல் ஆசிரியர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இனி மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். எங்கள் பத்திரிகைக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். அவரைத் தங்கைக்குப் பார்த்து முடித்துவைத்ததே நான்தான். ஒருமுறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஸ்டீயரிங்கை இவ்வளவு மென்மையாகப் பிடிக்கிற ஆள் பெண்டாட்டியிடம் கையை ஓங்க மாட்டான் என்று அப்போதே முடிவு செய்தேன். அந்தக் கணிப்பு தப்பவில்லை. தங்கமான மனிதர். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஒரே வீட்டில் கீழே அவர்கள், மேலே நான். சாப்பாடு எனக்குக் கீழேதான்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு குறை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவுடன் ஆரம்பித்துவிடுவார்.

“பற்சக்கரமாவது கிளட்சாவது, எல்லாம் ஒண்ணுதான் மச்சான். நாலு சக்கரமும் சுத்துது. ஓட்டறவனுக்கு என்ன தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும் மாப்ளே.”

“உங்களுக்கா, உங்க இடுப்புக்கா?”

தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் எப்போதும் கலகலப்புதான், மேடம். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், சண்டைச் சத்தம் ஒரு நாள் கேட்டிருக்காது.

ஒருநாள் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். சோதனைத் திடலில் தண்ணீரைக் கொட்டி ஈரமாக்குவது, என் கண்ணைக் கட்டிப் பக்கத்து சீட்டில் உட்காரவைப்பது, இரண்டு வகைக் கார்களையும் அவர் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டுவது, எந்த வகைக் கார் என்று நான் சொல்வது. வீடியோவாகப் போட்டால் கூட்டம் அள்ளும் என்றார். எனக்கு என்ன பயம்? சரி என்றேன். தங்கைதான் தன் துப்பட்டாவால் கண்ணைக் கட்டினாள். “இறுக்குதாண்ணா?” என்று பாசமாகக் கேட்டாள். முதல் ஓட்டம் முடிந்ததும் ‘இது பற்சக்கரம்’ என்றேன். கையைப் பிடித்து இறக்கி, கொஞ்சம் நடக்கவைத்து, மறுபடி உட்காரவைத்தார்கள். இரண்டாவது ஓட்டத்தில் ‘இது கிளட்ச்’ என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பின் சக்கரங்கள் எப்படித் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருகின்றன, வளைவின் எந்த இடத்தில் தாமதம் தெரிகிறது என்றெல்லாம் கேமரா முன்னால் விலாவாரியாக விளக்கினேன். நல்ல விளக்கம். இப்போது கேட்டாலும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

கட்டை அவிழ்த்தார்கள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, ஓரமாக நின்ற இன்னொரு காரின் பானெட்மேல் வைத்தார்.

“சில்லுன்னு இருக்கா மச்சான்? இந்த வண்டி கிளம்பவே இல்ல. ரெண்டு தடவையும் போனது அந்த ஒரே வண்டியில. அதான் சொன்னேன்ல, எல்லாம் ஒண்ணுதான்!”

திடலே அதிர்ந்தது. தங்கை சிரித்துச் சிரித்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். வீடியோவில் நீங்களே பார்க்கலாம். மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திய பிறகும் நான் சிரித்துக்கொண்டிருப்பது அதில் தெளிவாகத் தெரியும்.

வீடியோ எங்கெல்லாமோ போய்விட்டது. பெட்ரோல் போடுகிறவர் “இடுப்பு எப்படி சார் இருக்கு?” என்று கேட்டார். மருந்துக் கடைக்காரர் கேட்டார். பல் பிடுங்கப் போனேன், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார். வாயைத் திறந்திருக்கும்போது என்ன பதில் சொல்வது? ஆசிரியர் நல்லவர். கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, “கொஞ்ச நாளைக்கு நீங்க டிக்கி பக்கம் எழுதுங்களேன்” என்றார். எந்தக் காரின் டிக்கியில் எத்தனை பெட்டி அடங்கும் என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு வேலைதான், குறை சொல்லவில்லை. பெட்டிகளை எடுத்து வைத்து, எடுத்து வைத்துப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. கோபக்காரன் ஒப்பீடு எழுத முடியாது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வித்தியாசம் இருக்கிறது என்று மாப்பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் ஊரே கேட்கும். டிக்கியிலிருந்து நான் வெளியே வந்துவிடலாம்.

ஆசிரியரிடம் ஒரு கடைசி ஒப்பீடு கேட்டேன். மலைப்பாதையில், மழை பெய்து ஓய்ந்த காலையில், இரண்டு கார்களும் முன்னும் பின்னுமாக ஏற வேண்டும். கிளட்ச் காரில் மாப்பிள்ளை, பின்னால் பற்சக்கரக் காரில் நான். “இந்த முறை கண்ணக் கட்ட வேணாமா மச்சான்?” என்று மாப்பிள்ளை கேட்டார். நல்ல நகைச்சுவை உணர்வு அவருக்கு. அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது.

டயரைப் பற்றி உங்கள் நிபுணர் எழுதியிருப்பது சரி. முந்தின நாள் மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தபோது மாற்றினேன். மாப்பிள்ளையின் காரில் முன்னால் புத்தம்புது டயர், பின்னால் நன்றாகத் தேய்ந்த டயர். தேய்ந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சிறியது. அதனால் நேர்ப் பாதையில்கூட முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழலும். நடுவில் இருக்கிற கிளட்ச், வழுக்கிவிட்டது என்று நினைத்து, ஓயாமல் இழுபறியில் கிடக்கும். மலை ஏற ஏறச் சூடாகும். ஒரு கட்டத்தில், கிளட்ச் கருகிவிடக் கூடாதே என்று கணினி அதை விடுவித்துவிடும். அப்புறம் அது முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற சாதாரண வண்டி. இதை நாசவேலை என்று எழுதியிருக்கிறார்கள், அந்தச் சொல் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. புதிதும் பழையதுமாக டயர் போட்ட கார்கள் எத்தனை வீட்டு வாசலில் நிற்கின்றன? அந்த அமைப்புக்குள் இருந்த குறையை நான் வெளியே வரவழைத்தேன், அவ்வளவுதான். பற்சக்கரத்துக்கு அப்படி விட்டுவிட்டுப் போகத் தெரியாது.

கணினி விடுவிக்கும்போது மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். மாப்பிள்ளை எப்போதும் அந்த மீட்டரை மறைத்துத்தான் ஃபோனை மாட்டுவார். படம் நன்றாக விழும் என்பார். “அங்க மாட்டாதீங்க மாப்ளே, விளக்கு தெரியாது” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

காலையில் தங்கையும் கிளம்பி வந்துவிட்டாள். அவர் பக்கத்தில் உட்காரப் போனவளைக் கூப்பிட்டு என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். நல்ல அமைப்பு உள்ள வண்டியில் அவளை உட்காரவைப்பது அண்ணனின் கடமை இல்லையா? இதைக்கூட நீங்கள் சந்தேகமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம்தான்.

அருமையான காலை, மேடம். மரங்களெல்லாம் கழுவிவிட்டது மாதிரி இருந்தன. இரண்டு கார்களிலும் வாக்கிடாக்கி இருந்தது. பாதி மலை ஏறியிருப்போம், மாப்பிள்ளையின் குரல் வந்தது.

“மச்சான், என்னமோ முன்னால மட்டும் இழுக்கிற மாதிரி இருக்கு. பின்னாடி தள்ளவே மாட்டேங்குது.”

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். டிக்கியில் அடைபட்டுக் கிடந்தவனுக்கு யாரோ மூடியைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. “அப்ப வித்தியாசம் தெரியுதா மாப்ளே?” என்று கேட்டேன்.

“நல்லாவே தெரியுது. நீங்க சொன்னது சரிதான் மச்சான். வீடியோவுல சொல்லிடறேன், போதுமா?” என்று சிரித்தார். “ஓரமா நிறுத்திப் பாத்துடட்டுமா?”

அவர் சொல்லிவிட்டார். தன் வாயால் சொல்லிவிட்டார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அங்கேயே நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் ஒப்பீட்டைப் பாதியில் விட்டால் எழுதுவதற்கு என்ன இருக்கும்? அடுத்ததாக அந்தப் பெரிய வளைவு, பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர் கிடையாது, போதாததற்கு ஈரம். பாதையிலேயே நல்ல சோதனை அதுதான்.

“நிறுத்த வேணாம் மாப்ளே” என்றேன். “கிளட்ச் கொஞ்சம் மந்தமா இருக்கும். வளைவுல ஆக்சிலரேட்டர நல்லா அழுத்துங்க, பின்னாடி தானா எழுந்து வந்துடும்.”

“நீங்க சொன்னா சரி மச்சான். உங்க இடுப்புக்குத் தெரியாததா” என்றார். இந்த முறை கேலி இல்லை. உண்மையான மரியாதையோடு சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நன்றாக அழுத்தினார். முன் சக்கரங்கள் திரும்பாமல் நேராகப் போகப் பார்த்தன. பயந்து காலை எடுத்தார். தேய்ந்த பின் டயர்கள் தரையை விட்டுவிட்டன. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் பள்ளத்துக்குள் போனது. நான் கட்டுரையில் எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க முடியாது.

ஆகவே, ஆமாம். டயரை மாற்றியது நான். விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டது நான். அழுத்தச் சொன்னதும் நான். தங்கையின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். பாவம், அந்த அழுகையிலும் ஒரு வார்த்தை விடாமல் சரியாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். வளைவு வருவதற்கு வெகு முன்பே நான் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டதாகவும், “எதுக்குண்ணா நிறுத்தறே, அவர் போறாரே” என்று தான் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறாள். நடந்தது அப்படித்தான். இருந்தாலும் என் வண்டியும் அதே வேகத்தில் அந்த வளைவுக்குள் போய்ப் பத்திரமாகத் திரும்பியதாகவே இருக்கட்டும், மேடம். அந்த வரி இருந்தால் இது ஒப்பீடே இல்லை, வெறும் கொலை என்று ஆகிவிடும்.