விராலிக்கு ஊற்றிய அலசல் தண்ணீர்

இல்லை, அது சாகவில்லை. பேறுகால விடுப்பு முடிந்து இன்றுதான் வந்திருக்கும் பின்வரிசைத் தங்கை கேட்டதற்கு முதலில் இந்தப் பதில். பிறகுதான் வணக்கம்.

தலைமை ஏற்றிருக்கும் சலவைக்கூடத் தலைவி அவர்களே, முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஊறிச் சுருங்கிய விரல்களால் ஊர்த்துணி வெளுக்கும் தாய்மார்களே, இஸ்திரிச் சூட்டை இன்னும் உள்ளங்கையில் வைத்திருக்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

எதைப் பற்றிப் பேசப்போகிறேன்? ஒரு புதரைப் பற்றி. ரோஜாவா? இல்லை. மல்லிகையா? இல்லை. விராலி. கடலோர மணலில் தானாய் முளைப்பது. உப்புக் காற்றுக்கு ஒடுங்காதது, உச்சி வெயிலுக்கு ஒதுங்காதது, ஆண்டு முழுதும் பச்சை மாறாதது. தளிரைத் தொட்டால் விரலில் பிசின் ஒட்டும்.

அதை ஏன் வைத்தோம்? ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர், நாம் வெளுத்துக் காயப்போட்ட ஒரு விரிப்பை நம் முன்னால் உதறினார். மணல் கொட்டியது.

"நோயாளி முதுகுல குத்துதும்மா. அடுத்த காத்துக்காலத்துலயும் இப்படின்னா, நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

ஆஸ்பத்திரித் துணி போனால் நமக்கு என்ன மிஞ்சும்? கொடிக்கயிறு மிஞ்சும்.

கடல் பக்கம் விராலியை வேலியாக வைத்தோம். இடுப்பளவு வளர்ந்தது. மணல் அடங்கியது. கோடை வந்தது. பச்சை மாறாத செடியின் இலை பழுத்தது. உதிர்ந்தது. குச்சியாய் நின்றது.

"கண்ணு பட்டுருச்சு," என்றார் சோப்பு போடும் அத்தை.

"உங்க வாய் பட்டிருக்கும்," என்றார் இஸ்திரி அண்ணன்.

சிரியுங்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அப்போது பார்த்து பம்பும் படுத்தது. மூட்டையைச் சுமந்துபோய் வேறிடத்தில் துவைத்தோம். காயப்போட மட்டும் இங்கே வந்தோம். வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை.

பம்பு சரியான அன்று அத்தை வாளியோடு வேலிக்குப் போனார். போனவர் கூப்பிட்டார்.

"ஏய், எல்லாரும் வாங்கடி. விரல்ல ஒட்டுது."

தளிர். குச்சிக்குக் குச்சி தளிர்.

"அதிருக்கட்டும் அத்தை, கையில என்ன வாளி?" என்றார் அண்ணன்.

"கடைசியா அலசுன தண்ணிப்பா. வீணாப் போகுதேன்னு தினம் ஊத்துவேன். பாவம், வெயில்ல நிக்குதே."

"அய்யய்யோ. நீங்களுமா?" என்றார் தலைவி.

தலைவி ஊற்றியிருக்கிறார். நான் ஊற்றியிருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் எல்லோரும். வாட வாட இன்னும் ஒரு வாளி சோப்புத் தண்ணீர். ஆமாம் அண்ணே, நீங்களும்தான். ஒளியாதீர்கள்.

அதை வாட்டியது உப்பா? இல்லை. வெயிலா? இல்லை. பாசம் என் தாய்மார்களே, நுரை பொங்கும் நம் பாசம். நாம் கைவிட்டோம் என்று அழுத நாளில் அது மூச்சு விட்டது. நாம் மறந்த வேரில் அது பிழைத்தது. நாம் பார்க்காத பக்கத்தில் அது பச்சையானது.

நேற்று நல்ல காற்று. மேற்பார்வையாளர் ஒரு விரிப்பில் உள்ளங்கையைத் தேய்த்தார். கையைப் பார்த்தார். நாம் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"திங்கக்கிழமை துணி வண்டி வரும்மா."

அவ்வளவுதான் சொன்னார். அது போதும்.

செடிக்கு நன்றி. கெட்டுப்போன பம்புக்கும் நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்குக் கைகூப்பிய வணக்கம்.

கைதட்டல் ஓய்ந்ததும், பேசியவள் மேடையிலிருந்து இறங்கினாள். கையில் அரை டம்ளர் தண்ணீர் மிச்சமிருந்தது. வேலி பக்கத்திலேயே இருந்தது. சற்று நின்று, முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.