விடை வந்தவங்க போகலாம்

சாயங்காலம் ஏழு மணி. உடையார்பாளையம் தாண்டி, முந்திரிக்காட்டுக்கு நடுவே போகிற மண்ரோடு... ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அதில்தான் ஸ்கூட்டியில் போனாள் வளர்மதி. நம்ம பானுப்ரியாவோட பெரியம்மா பொண்ணு. சிரிக்காதீங்கடி, பானுப்ரியாவையே கேளுங்க.

பி.எஸ்சி. கணக்கில் ஒரே ஒரு அரியர். டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன். "இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா, மீன்சுருட்டி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு," என்று சொல்லிவிட்டாள் அம்மா அம்சவள்ளி. அதனால்தான் குருமூர்த்தி சாரிடம் தனி டியூஷன்.

சார் வீட்டில் ஒரு வழக்கம். போர்டில் கணக்கை எழுதுவார். கதவைச் சாத்துவார். "விடை வந்தவங்க போகலாம்." அப்புறம் திரும்பியே பார்க்க மாட்டார்.

அன்றைக்கு வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பு. வார் அறுந்து, ஊக்குப் போட்டது. உள்ளே மூலையில் ஒரு பெண்... குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். அழுகின முந்திரிப்பழ வாடை.

அன்றைக்குப் பார்த்து வளர்மதிக்கு விடை வந்துவிட்டது. யாரையும் கேட்காமல், முதல் தடவையாக. தான் முட்டாள் இல்லை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் மூலையிலிருந்து... "அக்கா, என்ன வந்துச்சு?"

காலேஜில் தனக்கு எத்தனை பேர் காட்டியிருக்கிறார்கள். பாவம் என்று நோட்டைத் திருப்பிப் பிடித்தாள்.

பார்த்து எழுதிவிட்டு அந்தப் பெண் எழுந்தாள். முட்டியில் சொடக்குச் சத்தம்... வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த மாதிரி. சாரிடம் காட்டினாள்.

"சரி. போம்மா."

கதவருகில் ஒரு தரம் திரும்பினாள். வளர்மதி தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். கதவு சாத்திக்கொண்டது. வெளியே ஸ்கூட்டி கிளம்பிப் போனது.

வளர்மதி நோட்டைப் பார்த்தாள். வெறும் தாள். எப்படிப் போட்டோம்... ஒரு வரி ஞாபகமில்லை.

"சார், எனக்கு வந்துடுச்சு சார்."

"காட்டும்மா," என்றார், திரும்பாமல்.

கதவை இழுத்தாள். அசையவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"யாருங்க? எம் பொண்ணு இங்கல்ல சாப்பிட்டுட்டு இருக்கா?"

போனில், அம்மாவுக்குப் பின்னால், வளர்மதியின் குரல்தான் கேட்டது. "அம்மா, இன்னுங் கொஞ்சம் ரசம்."

பானுப்ரியா ஒருநாள் போய்ப் பார்த்திருக்கிறாள். சார் வீடு பூட்டிக் கிடந்ததாம். வாசலில் ஊக்குப் போட்ட செருப்பு... உள்ளே சாக்பீஸ் கிறீச்சிடுகிற சத்தம்.

ரிசல்ட் வந்தது. வளர்மதி பாஸ். இப்போது அரியலூரில் பி.எட். பழைய போன் தொலைந்துவிட்டது என்று புது நம்பர் வாங்கிக்கொண்டாள். தங்கமான பெண். கதவை மட்டும் சாத்த விடமாட்டாள்... மழை அடித்தாலும், ராத்திரி தூங்கும்போதும்.

ரிசல்ட் வரும்வரை, பழைய நம்பரிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்சவள்ளிக்குப் போன் வரும். "அம்மா, எனக்கு இன்னும் விடை வரலம்மா..." எடுத்து முழுசும் கேட்பாள். கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு, அந்த நம்பரை அம்சவள்ளியே பிளாக் பண்ணிவிட்டாள்.