பம்ப் சொட்டலாமா?

— வெளியாளைக் கூப்பிடப் போறேன்னா உங்களுக்கு மூஞ்சி சுருங்குது. நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை, இந்த பம்ப்புக்கு பேக்கிங் மாத்தி ஒரு மாசம்கூட ஆகல. மறுபடியும் கருகின நாத்தம்.

— இந்தாங்க மச்சான், கழட்டின பேக்கிங் கயிறு. தொட்டுப் பாருங்க. புதுசுல வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு இருக்கும். இப்போ?

— கரிக்கட்டை.

— பாருங்க, சுத்துற ஷாஃப்டைச் சுத்தி இது வளையம் வளையமா உக்காந்திருக்கு. நடுவுல கொஞ்சம் தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கணும். அந்தத் தண்ணிதான் அதுக்கு எண்ணெய், அதுதான் விசிறி. சொட்டு நின்னா உரசி உரசி வெந்துடும். ஷாஃப்டையும் தேச்சிடும். நகத்தால தடவுங்க, பள்ளம் மாட்டும்.

— மாட்டுது, மாட்டுது. அப்போ சொட்டாத சாமானாப் போடுங்களேன். கடைக்காரர் மெக்கானிக்கல் சீல்னு ஒண்ணு காட்டினாரே.

— அது ரெண்டு வட்டத் தகடு மச்சான். கண்ணாடி மாதிரி மழமழன்னு, ஒண்ணு நிக்க, ஒண்ணு அதை ஒட்டிக்கிட்டே சுத்தும். நல்ல தண்ணிக்கு ராஜா. நம்ம பட்டறையில ஓடுறது கல்லு அறுத்த சேறு. ஒரு பொடி உள்ளே புகுந்தா தகடு கீறிடும். அதைத் தடுக்கணும்னா தனியா ஒரு குழாய் இழுத்து, சுத்தமான தண்ணியை அங்கே பாய்ச்சிக்கிட்டே இருக்கணும். எதுக்கு அந்தத் தொல்லை? சேத்துக்குக் கயிறுதான் சரி. பொறுமைசாலி.

— உங்க பொறுமைசாலி இதோட மூணு தடவை வெந்தாச்சு. வெளியில என்ன பேசுறாங்க தெரியுமா? தங்கச்சி புருஷன்கிறதுக்காக வேலை தெரியாத ஆளை வெச்சிருக்கேனாம். எனக்கு வேற வழி தெரியல மாப்பிள்ளை. நாளையிலேருந்து வெளியாள்தான்.

— நான் சொட்டவிட்டுத்தான் போனேன் மச்சான். அப்புறம் யாரோ கயித்தை அமுக்குற நட்டை இறுக்கி சொட்டை நிறுத்தியிருக்காங்க. ஆளு கையில கிடைக்கட்டும், நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்.

— பட்டறையில யாரும் ஸ்பேனரைத் தொடறதில்லைன்னு சத்தியம் பண்றாங்களே. ஏம்மா, நீ எதுக்கு இந்தத் தூசியில வந்தே?

— நீ பேசறது வீடு வரைக்கும் கேக்குதுடா. மாப்பிள்ளையை நிக்கவெச்சா கேள்வி கேக்கறே? பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. கொஞ்சம் லூசா விட்டுட்டுப் போயிடறார், அவ்வளவுதானே? தண்ணி சொட்டுறதைப் பாத்தா நீ அவரைக் குறை சொல்லுவேன்னுதான், சாயங்காலம் கணக்கு முடிச்சு நீ எழுந்து போனதும் நானே வந்து ஒரு திருகு திருகி நிறுத்திடறேன்.

— மாப்பிள்ளை, ஆளு கிடைச்சாச்சு. கேளுங்க நாலு வார்த்தை.

— அத்தை, எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க, இப்படி உக்காருங்க. மச்சான், அந்தக் கடைக்காரருக்கு ஒரு போன் போடுங்க. யோசிச்சுப் பாத்தா மெக்கானிக்கல் சீல்தான் நமக்குச் சரி.